பியானோக்காரனை அழைத்துவர மதராஸுக்குப் போனேன்

மதராஸில் தேநீர் கேட்பவனை நோயாளி என்று நினைக்கிறார்கள். எழும்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்ட காபி கிளப்பில் நுழைந்து, "ஒரு தேத்தண்ணி" என்றேன். பரிமாறுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீயா? ஏன் சார், வயித்துல ஏதாவது கோளாறா?" என்று மிகுந்த பரிவோடு கேட்டார். நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன், அங்கே இதுதான் வழக்கம் என்று விளக்க முயன்றேன். அவர் காதில் வாங்காமல் ஒரு டபராவில் நுரை தள்ளும் காபியைக் கொண்டுவந்து வைத்தார். "இதைச் சாப்பிடுங்கோ, எல்லாம் சரியாயிடும்." குடித்தேன். உண்மையிலேயே ஏதோ சரியாகிவிட்டது. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் முகத்தைச் சுளித்தபடி வெளியே வந்தேன்.

நான் வந்த காரியம் காபி குடிப்பதல்ல. கொழும்பில் கடற்கரையை ஒட்டிய ஒரு பெரிய ஹோட்டலில் ஜாஸ் சங்கீதம் வாசிக்கும் கோஷ்டியில் நான் டிரம் அடிப்பவன். எங்கள் கோஷ்டியின் உயிர், பியானோக்காரன் அருள்சாமி. மதராஸ் சாந்தோமில் பிறந்தவன். ஹோட்டலுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாததால் 'ஸாமி' ஆகிவிட்டான். ஊரில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன், திரும்பவே இல்லை. டான்ஸ் சங்கீதத்தை விட்டுவிட்டேன், இனி உட்கார்ந்து கேட்கும் சங்கீதம் எழுதப்போகிறேன் என்று ஒரு தபால் அட்டை மட்டும் வந்தது.

மானேஜர் துரை என்னைக் கூப்பிட்டு, "கிறிஸ்துமஸுக்குள் ஸாமி பியானோ முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பம்பாயிலிருந்து வேறு கோஷ்டியை வரவழைக்க வேண்டியதுதான்" என்றார். கோஷ்டியில் மற்ற எல்லோருக்கும் குழந்தை குட்டி உண்டு. நான் ஒருவன்தான் பிரம்மச்சாரி; அதோடு தமிழ் பேசுகிறவன். கப்பலும் ரயிலும் ஏற என்னைத் தவிர வேறு யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்?

சாந்தோமுக்கு ஜட்கா பிடித்தேன். வண்டிக்காரர் என்னை முன்னால் நகர்ந்து உட்காரச் சொன்னார். கொஞ்சம் பின்னால் சாய்ந்தால், "முன்னால குந்து சார், வண்டி தூக்கிக்கும்" என்று அதட்டினார். கொழும்பு ரிக்ஷாவில் ஏறினால் பயணிக்கு வேலை கிடையாது. இங்கே வண்டியின் சமநிலைக்கு நானே பொறுப்பு. மயிலாப்பூர்க் குளத்தைத் தாண்டியதும் குதிரை ஒரு சந்தின் முனையில் நின்றுவிட்டது. அடித்தாலும் நகரவில்லை.

"என்ன நடந்தது?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல சார். இத்த முன்னாடி வெச்சிருந்த ஆளு வூடு இங்கதான். பாத்துட்டு வந்துடும்."

குதிரை அந்த வீட்டுக் கதவை ஆசை தீரப் பார்த்த பிறகுதான் கிளம்பியது.

அருள்சாமியின் அக்கா லூர்துமேரியின் வீடு கடலுக்கு மிக அருகே. அக்கா மீன் விற்பவர். காலையிலேயே கூடையை முடித்துவிட்டு வந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் என்னை நன்றாக உற்றுப் பார்த்தார்.

"நீதான் தம்புவா? தம்பி சொல்லிக்கினே இருப்பான். மோளம் அடிக்கிறவன்தானே?"

"மேளம் இல்லை அக்கா. டிரம்."

"அடிக்கிறதுதானே? அப்ப மோளந்தான். குந்து நைனா, சாப்ட்டுட்டுப் பேசலாம்."

வஞ்சிர மீன் குழம்பும் சோறும் வந்தன. புளி நாக்கைப் பிடித்து இழுத்தது. எங்கள் ஊரில் மீனுக்குத் தேங்காய்ப்பால் விடுவோம் என்று சொல்லி வைத்தேன். லூர்து அக்கா கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். "தேங்காப் பாலா? அது மீன் கொயம்பா, பாயாசமா?" அந்த மத்தியானம் முழுக்க, வந்த போன அண்டை வீட்டுக்காரர்களுக்கெல்லாம் என்னை அறிமுகப்படுத்தியது இப்படித்தான்: "கொயும்புலருந்து வந்துகீறாரு. மீனுல பாயாசம் செய்றவங்க."

"அருள்சாமி எங்கே?" என்று கேட்டதற்குக் கடைசியில்தான் பதில் கிடைத்தது. "அடையாத்துல ஒரு வெள்ளக்காரியம்மா வூட்ல. காலைல போனா பொயுது சாஞ்சுதான் வருவான். இன்னாத்த வாசிக்கிறானோ! நான் ஒரு நாளு போய்க் கேட்டேன் நைனா. யாரோ பாத்திரத்த எடுத்துக்கினு படில உருண்ட மாதிரி கீது."

எனக்கு உற்சாகம் பொங்கியது. அக்காவே நம் பக்கம். இனி அவனைப் பெட்டியோடு ரயிலில் ஏற்றுவது சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அருள்சாமி வந்தான். ஹோட்டலில் வெள்ளைக் கோட்டும் கறுப்பு டையுமாகப் பார்த்தவனை, மடித்துக் கட்டிய வேட்டியும் காதில் செருகிய பென்சிலுமாகப் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. வாசலிலிருந்தே, "மச்சான்!" என்று ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். பிறகு ஓர் அடி பின்னால் தள்ளி நின்றான்.

"மானேஜர் அனுப்பினாரா?"

"ஓம். உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்."

"நல்ல வேளை, நீ வந்தே. எனக்கு ஒரு மோளக்காரன் வேணும்" என்றான்.

மறுநாள் அவனோடு அடையாற்றுக்குப் போனேன். மயிலாப்பூரில் பஸ் ஏறினோம். இங்கே பஸ் நேரம் பார்த்துக் கிளம்புவதில்லை, ஆள் பார்த்துக் கிளம்புகிறது. எல்லா இடமும் நிரம்பியதும் டிரைவர் இறங்கிப் போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார். ஒரு பிரயாணி கேட்டதற்கு, "வண்டி நிறையட்டும்னு இவ்ளோ நாழி நீங்க காத்திருந்தீங்க இல்ல? எனுக்காவ கொஞ்ச நாழி காத்திருந்தா இன்னா?" என்றார்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேறு ஊர். சவுக்குத் தோப்பு, மணல், நடுவே ஓட்டு வீடு. அங்கே இருந்தவர் கிரேத்தா என்ற ஜெர்மானியப் பெண்மணி. நடுவயது தாண்டியவர். நம் ஊர் வயலினைப் பெரிதாக்கிக் காலுக்கிடையே நிறுத்திக்கொண்டது போன்ற செல்லோ என்ற வாத்தியத்தை வாசிப்பவர். யோகம் கற்றுக்கொள்ள மதராஸுக்கு வந்து, உட்கார முடியாமல் முழங்கால் வலி கண்டு, சங்கீதத்தோடு நின்றுவிட்டவர். என்னோடு கைகுலுக்கியதும் ஆங்கிலத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தை: "நீங்கள் மெதுவாக அடிப்பீர்களா? முன்னால் வந்தவர் என் ஜன்னலை உடைத்துவிட்டார்."

மூன்றாவது ஆள் மயிலாப்பூர் கல்யாணராமய்யர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டில் வயலின். தன் வீட்டுக் காபியைத் தானே கூஜாவில் கொண்டுவந்து, ஜன்னலோரம் திரும்பி நின்று குடித்துவிட்டுத்தான் வயலினைத் தொட்டார்.

"வாரும் ஓய்! மிருதங்கமா, தவுலா?" என்றார்.

"ரெண்டும் இல்லை. டிரம்."

"அதுவும் தோல்தானே? சரி. ஜன்னலை உடைச்சவருக்கும் முன்னாடி ஒரு மிருதங்க வித்வான் வந்துண்டிருந்தார். என்ன தாளம்னு கேட்டார். தாளமே இல்லைன்னு இவன் சொன்னான். மனுஷர் மிருதங்கத்தை உறையில போட்டுண்டு போனவர்தான்."

"நீங்கள் ஏன் போகவில்லை?"

"நானும் ராகம் என்னன்னு கேட்டேன். ராகமும் இல்லேன்னான். ஆத்துல போய்ப் படுத்தேன், தூக்கம் வரலை. ராகமும் இல்லாம, தாளமும் இல்லாம என்னத்தை வச்சுண்டு நிக்கறதுன்னு பார்க்கணும் போல இருந்தது. மறுநாள் கார்த்தால வந்துட்டேன்."

ஜன்னலை உடைத்தவர் விட்டுப்போன சின்ன டிரம் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு வாசித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன்: லூர்து அக்கா சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. ஹோட்டலில் அருள்சாமியின் இடது கை நடக்கும், வலது கை சிரிக்கும். அதைக் கேட்டால் கவர்னரின் மனைவிக்கும் கால் துறுதுறுக்கும். இங்கே பியானோ நாலு சுரத்தைச் சொன்னது. கொஞ்சம் தள்ளி வயலின் அதையே சொன்னது. அது முடிப்பதற்குள் செல்லோ ஆரம்பித்தது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான் எங்கே அடிப்பது? எனக்குக் கொடுத்த தாளில் பெரும்பாலும் வெற்றிடம்தான். எப்போதாவது ஓரிடத்தில், கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்பது போல, ஒரே ஓர் அடி. அதையும் தப்பான இடத்தில் அடித்தேன். கல்யாணராமய்யர் வாசிப்பை நிறுத்தாமலே, "கணக்கு, கணக்கு" என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய குட்டு நினைவுக்கு வந்தது.

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் நடந்துகொண்டே, மானேஜர் சொன்னதையும் பம்பாய்க் கோஷ்டியையும் மற்றவர்களின் குழந்தை குட்டிகளையும் பற்றி அருள்சாமியிடம் எடுத்துச் சொன்னேன்.

"உனக்கு அங்கே என்ன குறை மச்சான்?" என்றேன்.

"கொற ஒண்ணும் இல்ல. ஒரு நாளு ரொம்ப நல்லா வந்திச்சு, ஞாபகம் கீதா? மழ பேஞ்சுக்கினு இருந்திச்சு, கூட்டமே இல்ல. அந்த வால்ஸ் டான்ஸ் பாட்டுல நடுவுல எங்கியோ போயிட்டேன். நீகூட வாயப் பொளந்துக்கினு பாத்தே."

"ஓம், ஞாபகம் இருக்கு."

"மறுநாளு எந்திரிச்சு அத்த வாசிக்கலாம்னு குந்துனேன். ஒரு வெரலுக்கும் நெனப்பு இல்ல. நீ ஒருத்தன் பாத்தே, அவ்ளோதான் ருசு. உன்னக் கேட்டேன், பாடிக்காட்டுன்னு. நீ 'டிங்கிடி டிங்கிடி'ன்னே. அன்னிக்குத்தான் நோட்ஸ் எழுதற காகிதம் வாங்கினேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ரோசமும் வந்தது. 'டிங்கிடி டிங்கிடி' என்று நான் சொன்னது வாஸ்தவம். டிரம் அடிப்பவனிடம் போய் ராகம் பாடச் சொன்னால் வேறென்ன சொல்வான்?

முடிவாக அவன் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தான். அடுத்த வாரம் தியாகராய நகரில் ஒரு வக்கீல் வீட்டு ஹாலில் இதை வாசிக்கப்போகிறார்கள். நான் கூட வாசிக்க வேண்டும். அது முடிந்ததும் வருகிறானா இல்லையா என்று சொல்வான். அதுவரை அந்தப் பேச்சே கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். ஜனங்கள் பாதியில் எழுந்து போவதை ஒரு தடவை பார்த்தால் பையனுக்குத் தெளிந்துவிடும் என்பது என் உள்கணக்கு.

இடையில் ஒரு சாயங்காலம் லூர்து அக்கா என்னைச் செபத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் அந்த மார்க்கத்தைச் சேர்ந்தவன் அல்ல. ஆனாலும் அக்கா போட்ட சோற்றைத் தின்றுவிட்டு மறுக்க முடியுமா? மாதா கோயில் நிறையக் கடற்கரை ஜனங்கள். பின்வரிசைப் பெண்களோடு அக்கா உட்கார்ந்தார்; நான் தூண் ஓரம் நின்றேன். செபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். முன்வரிசை வேகமாகச் சொல்லி முடித்தபோது நடுவரிசை பாதியில் இருந்தது. பின்வரிசை அப்போதுதான் தொடங்கியிருந்தது. முன்னால் இருப்பவர்கள் அடுத்ததை ஆரம்பிக்க, பின்னால் ஒரு குரல் மட்டும் தனியாக 'ஆமென்' என்று இறங்கியது. யாரும் யாரையும் திருத்தவில்லை. கூரையில் அது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, அலை வந்து வந்து போவது போல் இருந்தது.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடையாற்றில் கேட்டது இதுதான். பியானோ முன்வரிசை, வயலின் நடுவரிசை, கிரேத்தா அம்மாள் பின்வரிசை. அப்படியானால் என் அடி எது? தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். வாசலருகே ஒரு கிழவர் முழங்காலில் இருந்து எழும்போதெல்லாம் அவர் ஊன்றுகோல் தரையில் ஒரு தரம் தட்டியது.

வெளியே வந்ததும் அக்கா, "இன்னா நைனா, கண்ணு கலங்கிகீது? பக்தியா?" என்றார்.

"குந்திரிக்கப் புகை" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கணக்குத் தப்பவில்லை. கல்யாணராமய்யர் என்னை ஒரு தரம்கூட அதட்டவில்லை. கிரேத்தா அம்மாள் என் அடியைக் கேட்டுவிட்டு, "இப்போது ஜன்னல்களுக்குப் பயமில்லை" என்றார்.

கச்சேரி நாளன்று கார்த்திகை மழை கொட்டியது. பூங்கா நகர்ப் பக்கம் ஒரு வாத்தியக் கடையில் எனக்காகப் பெரிய டிரம் ஒன்று பேசி வைத்திருந்தார்கள். அதை எடுத்துவர நான் கிளம்பியபோது கல்யாணராமய்யரும் கூட வந்தார். அவருக்கு மின்சார ரயிலில் போகவேண்டும் என்று வெகு நாளாக ஆசை. புகை இல்லாமல் ஒரு ரயில் ஓடுவது அவருக்குக் கணக்கில் ஏதோ ஒன்றைக் கழிக்க மறந்தது போல் இருக்கிறதாம்.

வண்டியில் கூட்டம் நெருக்கியது. டிரம்மை நான் வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி அதன் மேல் தன் கைக்குழந்தையை உட்கார வைத்துவிட்டார். குழந்தை கால்களால் தட்டத் தொடங்கியது, அருமையான தாளம். கல்யாணராமய்யர் அது எந்த நடை என்று ஆராய்ந்தார். நானும் கூடச் சேர்ந்தேன். "மாம்பலம், மாம்பலம்" என்று யாரோ கத்தியது இருவர் காதிலும் விழுந்தது. நாங்கள் இறங்கவேண்டிய ஸ்டேஷன் அதுதான். ஆனால் குழந்தையை எடுக்காமல் டிரம்மை எப்படி எடுப்பது? தாயார் நல்ல தூக்கம். சைதாப்பேட்டையில்தான் விழித்தார்.

அங்கிருந்து மழையில் மாட்டு வண்டி. தியாகராய நகர் அப்போதுதான் புதிதாக உருவாகிக்கொண்டிருக்கும் பேட்டை. அகலமான வீதிகள் இருக்கின்றன, வீடுகள் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கொழும்பில் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், வீதிக்குத்தான் இடம் இருக்காது. இங்கே வண்டிக்காரர் வெறும் மனைகளைக் காட்டி, "இது இன்னார் வூடு, அது இன்னார் வூடு" என்று வழி சொன்னார். கட்டப்படாத அந்த வீடுகளை எல்லாம் சுற்றிக்கொண்டு வக்கீல் வீட்டை அடைந்தபோது எங்களைப் பிழிந்து காயப்போட வேண்டிய நிலை. டிரம் மட்டும் கல்யாணராமய்யரின் மேல்வேஷ்டிக்குள் காய்ந்து பத்திரமாக இருந்தது.

வக்கீல் வீட்டுப் பியானோ கறுப்பாக, யானைக்குட்டி போல் ஹாலில் நின்றது. மகள் கற்றுக்கொள்வாள் என்று வாங்கியது. மகள் கல்யாணமாகிப் போனபின் அதன் மேல் குடும்பப் படங்கள் குடியேறியிருந்தன. அவற்றை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு அருள்சாமி உட்கார்ந்தான். மயிலாப்பூர்ப் பெரியவர்கள் ஒரு பக்கம், அடையாற்று வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம். கடைசி வரிசையில் லூர்து அக்கா, பட்டுச் சேலையில்.

ஆரம்பித்தோம். ஒரு பெரியவர் பழக்கதோஷத்தால் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கை வழி தவறிப்போய், அதை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கவஸ்திரத்துக்குள் ஒளித்துக்கொண்டார். இருவர் எழுந்து போனார்கள். வெளியே மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். என் கணக்கை மழை கெடுத்துவிட்டது.

நடுப்பகுதிக்கு வந்தோம். அங்கே பியானோவில் ஒரு சுரம்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. மற்றவர்கள் விலகி விலகிப் போக, அது மட்டும் திரும்பத் திரும்ப வரும். அருள்சாமி அந்தக் கட்டையை அமுக்கினான். 'டொக்' என்று மரச்சத்தம் கேட்டது. உள்ளே போன கட்டை மேலே வரவில்லை. ஈரத்தில் உப்பிப் போய்ச் சிக்கிக்கொண்டுவிட்டது.

ஹோட்டலாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. ஒரு கட்டை செத்தால் பக்கத்துக் கட்டையில் குதித்து, அதையே ஒரு வேடிக்கையாக்கிக் கைதட்டல் வாங்கிவிடுவான். இங்கே அந்த ஒரு சுரம்தான் என்று அவனே எழுதி வைத்துவிட்டான். அடுத்த தடவை வந்தபோது அந்த இடம் வெறுமையாகப் போயிற்று. அவன் முகம் வெளுத்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். ஹோட்டலில் பாட்டுக்காரி வரியை மறக்கும்போதெல்லாம் என்னைப் பார்ப்பானே, அதே பார்வை.

என் தாளில் அங்கே வெற்றிடம். ஆனால் எத்தனை வருஷப் பழக்கம்! அந்தச் சுரம் வரவேண்டிய இடத்தில் என் கை தானாக இறங்கியது. பஞ்சு சுற்றிய கோலால், மெதுவாக, ஓர் அடி. கல்யாணராமய்யர் திடுக்கிட்டுப் புருவத்தைத் தூக்கினார், கணக்கை விடவில்லை. மறுபடி அந்த இடம் வந்தது, மறுபடி அடித்தேன். கிரேத்தா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டே என் பக்கம் தலையாட்டினார். அருள்சாமியின் தோள் தளர்ந்தது. அந்தப் பகுதி முழுவதும் அந்த ஒரு சுரத்தை நான் தோலில் அடித்துக்கொண்டே போனேன். என் ஆயுளில் அவ்வளவு மெதுவாக அடித்ததில்லை. அவ்வளவு வியர்த்ததும் இல்லை.

முடிந்தது. முடிந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. வக்கீல் எழுந்து மரியாதையாக, "ஆச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றான் அருள்சாமி. அதற்குப் பிறகுதான் கைதட்டினார்கள். முதலில் தயங்கி, அப்புறம் நன்றாகவே. ஒரு வெள்ளைக்காரக் கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் விழுந்தது: "காலஞ்சென்ற என் கணவருக்கு இது சற்றும் பிடித்திருக்காது. நான் வந்தது எவ்வளவு நல்லதாயிற்று!" அங்கவஸ்திரப் பெரியவர் என்னிடம் வந்து, "ஒண்ணும் புரியலை. ஆனா நடுவுல நீர் தட்டினீரே, அப்போ மூச்சே விடலை நான்" என்றார்.

ஆட்கள் கலைந்த பிறகு அருள்சாமி காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தன் தாளில் ஏதோ எழுதினான். எட்டிப் பார்த்தேன். அந்தச் சுரத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, என் வரிசையில் என் அடியை எழுதிக்கொண்டிருந்தான்.

"பியானோவ ரிப்பேர் பண்ணிடுவாங்கடா" என்றேன், என்னையறியாமல் அவன் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"பண்ணட்டும். இது இங்கதான் இருக்கும்" என்றான். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "சொன்ன பேச்சு மாற மாட்டேன் மச்சான். அங்க எல்லாரும் என்ன நம்பிக்கினு கீறாங்க, தெரியும். நீயே சொல்லு. வான்னா வரேன்."

இப்படி ஒரு பாரத்தை என் தலையில் வைப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "வா" என்றால் வேலை முடிந்தது. எத்தனையோ தடவை அந்த வார்த்தையை வாய்வரை கொண்டுவந்தேன். அவன் பென்சில் பிடித்திருந்த கை மட்டும் கண்ணிலிருந்து போகவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை லூர்து அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் கருவாட்டை உதறிக்கொண்டிருந்தார்.

"அவனைக் கூட்டிக்கொண்டு போகட்டோ அக்கா?"

"இஸ்துகினு போயேன். கோட்டு போட்டுக்கினு ராஜா மாதிரி இருப்பான். எனக்கு இன்னா?" என்றார். ஒரு கருவாட்டை மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆனா ஒண்ணு நைனா. அங்க வந்து டான்சுக்கு நடுவுல இத்த எடுத்து வுட்டான்னு வெச்சுக்கோ, வெள்ளக்காரிங்க அத்தினி பேருக்கும் கால் சுளுக்கிக்கும். அப்பால என்னக் கேக்காதே" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் கருவாட்டுக்கு வந்த காக்கைகள் பறந்துபோயின. சிரித்து முடித்தபோது எனக்கு முடிவு தெரிந்துவிட்டிருந்தது.

எழும்பூரில் வண்டி கிளம்பும் சமயத்தில்தான் சொன்னேன். "நீ வரவேண்டாம் மச்சான். நான் அவையளோட கதைக்கிறன்." ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களின் மேல் அருள்சாமி தன் கையை வைத்து, வண்டி நகர்ந்து விடுவிக்கும் வரைக்கும் எடுக்காமல் கூடவே நடந்து வந்தான். லூர்து அக்கா ஒரு பெரிய கருவாட்டுப் பொட்டலத்தை உள்ளே திணித்தார். அதன் மணம் பரவியதும் என் பெஞ்சில் இருந்த கனவான்கள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிப் போனார்கள். கருவாட்டின் புண்ணியத்தில் படுத்துக்கொண்டே போனேன்.

கொழும்பில் மானேஜர் துரையின் முன்னால் போய் நின்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஆங்கிலம் அவரைக் கண்டதும் மறந்துபோயிற்று. "ஸாமி இனி வரமாட்டான் துரை. சொந்த ஊரில், அக்கா பக்கத்தில், நிம்மதியாக இருக்கிறான்" என்று சொன்னதாகத்தான் நினைத்தேன். என் ஆங்கிலத்தில் அது எப்படி வந்ததோ, துரை மெதுவாக எழுந்து நின்று, "கஷ்டப்பட்டானா?" என்று கேட்டார். கச்சேரியைப் பற்றிக் கேட்கிறார் என்று எண்ணி, "நடுவில் கொஞ்சம் கஷ்டம்தான். கடைசியில் நல்லபடியாக முடிந்தது. நான் கூடவே இருந்தேன்" என்றேன். துரை கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். இந்த நேரத்தில் கோஷ்டியைக் கலைப்பது மனிதத்தன்மை அல்ல, பம்பாய்க்காரர்களுக்கு வேண்டாமென்று தந்தி கொடுத்துவிடுகிறேன் என்றார். விஷயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பியானோவுக்கு ஒரு பறங்கிப் பெண்மணி வந்து சேர்ந்தார். எல்லாப் பாட்டையும் ஒரே வேகத்தில் வாசிப்பார், சமாளித்துக்கொண்டோம். அந்த வார நடனம் தொடங்குமுன் துரை மேடையேறி ஸாமியைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். ஹால் முழுவதும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியது. கோஷ்டிக்காரர்களுக்கு உண்மையை முன்பே சொல்லிவிட்டிருந்தேன். சாக்ஸபோன்காரன் தோள் குலுங்குவதைப் பார்த்து ஒரு சீமாட்டி அவனுக்கு ஆறுதல் சொன்னாள்.

நடந்ததை எல்லாம் அருள்சாமிக்கு எழுதினேன். கோபிப்பானோ என்று பயந்துகொண்டேதான் எழுதினேன். பதில் அட்டை உடனே வந்தது. லூர்து அக்கா கேள்விப்பட்டு என்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாராம். அவனுக்குத் திருஷ்டி கழித்துவிட்டாராம். அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தான்:

"எல்லாரும் நிஜமாகவே அசையாமல் நின்றார்களா? அத்தனை வருஷம் நான் அங்கே வாசித்தேன். ஒரு நாளாவது அந்த ஹாலில் ஒருத்தரும் ஆடாமல் நின்றதில்லை."